பிள்ளையின் தட்டை மாற்றுவதா, வீட்டுச் சமையலை மாற்றுவதா?

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் மன்னார்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பழைய சீருடையில் இடுப்புக் கொக்கி எட்டவில்லை என்று புதிதாகத் தைக்கக் கொடுக்கப் போனோம். தையல்காரர் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் காதுபடவே, "ஏழாங்கிளாஸ் பொண்ணு அளவு வருதும்மா" என்றார். அவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி பிள்ளை தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கியதும் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு யோசனை வந்தது. என் அம்மா, அதாவது அவளுடைய அப்பாயி, "வயசுக்கு வந்தா தானா வடிஞ்சிடும், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். தஞ்சாவூரில் யாரிடமாவது டயட் சார்ட் வாங்கிவிடலாம் என்றார் அண்ணன். கராத்தே வகுப்பில் சேர்க்கலாம் என்பது அண்ணியின் எண்ணம். சித்தப்பா போனில், "அரிசியை நிறுத்திட்டுச் சிறுதானியத்துக்கு மாறுங்க" என்றார். எதிர் வீட்டு அக்கா தான் குடிக்கும் எடை குறைப்புப் பவுடரைப் பற்றிச் சொன்னார். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே மாற்ற வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மேலும் அது படும்.

இந்த ஒரு வருஷத்தில் இவற்றில் சிலதைச் செய்து பார்த்தோம். சிலதைப் பற்றிப் படித்தேன், குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். இதே திண்ணைப் பேச்சு டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது என்பதால், ஒவ்வொரு வழியும் எதைத் தரும், யாரிடம் என்ன கேட்கும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு. கண்ணால் பார்த்து 'குண்டு' என்றோ 'பூசின உடம்பு' என்றோ முடிவு கட்டக் கூடாது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு உள்ள எல்லைகள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் 5 முதல் 18 வயது வரை இதற்கான கோடுகள் இருக்கின்றன. பெரியவர்களின் பி.எம்.ஐ. 23க்கு ஈடான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27க்கு ஈடான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். எங்கள் பிள்ளை 130 சென்டிமீட்டர், 38 கிலோ. பி.எம்.ஐ. 22.5. அவள் வயதுக்கு அது மேல் கோட்டையும் தாண்டிய எண்.

மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் பேச்சின் திசையையே மாற்றிவிட்டது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. எடையை ஏறாமல் பிடித்து வைத்தால் போதும், உயரம் தன் வேலையைச் செய்துவிடும். ஒரு வருஷத்தில் அவள் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்து அதே 38 கிலோவில் நின்றால் பி.எம்.ஐ. 20.5 ஆகிவிடும். ஆக, நாங்கள் தேட வேண்டியது மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைக்கும் வழியை இல்லை. வளர்ச்சியைக் கெடுக்காமல், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சண்டையில்லாமல் தாங்கக்கூடிய வழியை. கீழே எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

விட்டுவிடலாமா?

அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. வளரும்போது சில பிள்ளைகள் சரியாகிவிடுகிறார்கள். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வந்த ஒரு தொகுப்பின்படி, பருமனாக இருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் பதின்வயதிலும் அப்படியே இருக்கிறார்கள். பருமனான பதின்வயதினரில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். வயசுக்கு வரட்டும் என்று காத்திருந்தால், சுலபமாக மாற்றக்கூடிய வருஷங்கள் கையை விட்டுப் போய்விடும். அம்மா சொன்னதில் "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டோம். எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யப்படும் பிள்ளைகளுக்குப் பிறகு எடை கூடத்தான் செய்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீட்டுக்குள் 'குண்டம்மா' என்ற செல்லப் பெயர் அன்றோடு நின்றது.

பவுடரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்லும் எதுவும் வளரும் பிள்ளைக்கு வேண்டாம்.

டயட் சார்ட்

அண்ணன் ஆசைப்படி முதலில் இதைத்தான் செய்தோம். தஞ்சாவூரில் ஒரு தனியார் கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தியும் புரோக்கலியும், ராத்திரி சூப். மன்னார்குடி கடைத்தெருவில் புரோக்கலி தேடி அண்ணி இரண்டு நாள் அலைந்தார். எங்கள் ஊரில் வாழைத்தண்டும் வாழைப்பூவும் முளைக்கீரையும் சைக்கிளில் வாசலுக்கு வருகின்றன. அந்தத் தாளில் அவை எதுவும் இல்லை.

தாளில் இருந்ததை விட, அது வீட்டில் நடந்த விதம்தான் பெரிய தப்பு. அவளுக்கு மட்டும் தனித் தட்டு. பக்கத்தில் ஆறு வயதுத் தம்பி ஒல்லி என்பதால் அவனுக்கு அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், சாயங்காலம் சிப்ஸ். இவள் சூப்பைக் கலக்கிக்கொண்டே அவன் தட்டைப் பார்ப்பாள். மூன்றாவது வாரம் அவள் பள்ளிப் பையில் மிக்சர் பாக்கெட் உறை இருந்தது. நாலாவது வாரம் அப்பாயியின் அலமாரியில் பணியாரம் ஒளிந்திருந்தது. அண்ணன் கோபப்பட்டார், அவள் அழுதாள், தாள் குளிர்பதனப்பெட்டிக் கதவில் மஞ்சளாகிக்கொண்டே தொங்கியது.

இது எங்கள் வீட்டு ஒழுங்கின்மை என்று நினைத்திருந்தேன். 1999இல் வந்த ஓர் ஆய்வில், சின்னக் குழந்தைகள் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, தொடக் கூடாது என்று கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். தடுக்கப்பட்ட பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் பேச்சும் ஆசையும் போனது. கிடைத்தபோது அதைத்தான் கூடுதலாக எடுத்தார்கள். கண்ணெதிரே வைத்துக்கொண்டு உனக்கு மட்டும் இல்லை என்றால் எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. எடை அதிகமான பிள்ளைக்குச் சத்து நிறைய இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரும்புச்சத்துக் குறைவு அப்படிப்பட்ட பிள்ளைகளிடமும் இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் வந்தது. கண்மூடித்தனமாக அளவை வெட்டினால் முட்டையும் மீனும் பருப்பும் சேர்ந்து வெட்டுப்படும்.

விளையாட்டு மட்டும் போதுமா?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதற்கு டெல்டா நல்ல ஊர். தை, மாசியில் அறுவடை முடிந்தால் வயல் முழுக்க மைதானம்தான். தாளடியைச் செதுக்கிவிட்டு ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலில் குளியல். (பெரியவர் ஒருவர் தண்ணீரில் கூடவே இறங்கினால்தான். புதுத்தண்ணீர் இழுக்கும், மணல் அள்ளின குழி மேலே தெரியாது.) ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பிள்ளைகள் இரண்டு மாதம் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். அந்த மாதங்களில்தான் டிவி முன்னால் தட்டு வரும்.

அண்ணி அவளைக் கராத்தேயில் சேர்த்தார். வாரம் மூன்று நாள். நன்றாகத் தூங்கினாள், படியேறினால் மூச்சு வாங்குவது குறைந்தது, கூட்டத்தில் முன்னால் நிற்கும் தைரியம் வந்தது. இதெல்லாம் எடை இறங்காவிட்டாலும் கிடைக்கும் லாபம். அதற்காகவே விளையாட்டு வேண்டும். எடைக்கு மட்டும் அதை நம்பினால் ஏமாற்றம்தான். வகுப்பு முடிந்து வரும் வழியில் பேக்கரி. "இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டாளே" என்று அண்ணன் ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுப்பார். அரை மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை செலவழிப்பதை விட அந்த ஒரு பப்ஸில் இருப்பது அதிகம். விளையாட்டைச் சாப்பாட்டுக்குக் கூலியாக்கினால் இரண்டுமே கெடும்.

அரிசியா, சிறுதானியமா?

சித்தப்பாவின் யோசனைதான் இப்போது ஊரெல்லாம் கேட்கிறது. அதனால் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். சமைக்காத பச்சரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. கம்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேழ்வரகில் சுமார் 320. பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானியத்தின் நல்ல குணம் அதன் நார்ச்சத்திலும், கேழ்வரகென்றால் சுண்ணாம்புச் சத்திலும் இருக்கிறது. அதே கேழ்வரகை நெய்யும் வெல்லமும் போட்டு லட்டாக்கினால் எடைக் கணக்கில் அது லட்டுதான். 'சிறுதானிய பிஸ்கட்' என்று பாக்கெட்டில் வருவதும் பெரும்பாலும் பிஸ்கட்தான். பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

சோற்றை நிறுத்து என்று காவிரிக் கரையில் சொல்வது எளிதில்லை, தேவையும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி மாதிரி நெல் நம் வயலிலேயே விளைகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை உழவர் கையில் திரும்பக் கொடுத்த நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவர் மீட்ட ரகங்களைத் தவிடு போகாமல் குத்திச் சமைத்தால் மெல்ல நேரமாகும், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். விலை கூடுதல் என்பதால் எல்லா வீட்டுக்கும் தினமும் கட்டாது. நாங்கள் வாரம் இரண்டு நாள் அதைப் பொங்குகிறோம், மற்ற நாள் பழைய பொன்னிதான்.

உண்மையில் எங்கள் சாப்பாட்டில் பிரச்சினை அரிசியின் பெயரில் இல்லை, சுற்றில் இருந்தது. குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. தட்டில் சோறுதான் மூன்று தடவை விழுகிறது. பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. பள்ளி டப்பாவிலும் எலுமிச்சை சாதமோ புளி சாதமோ, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கோ சிப்ஸோ. மாவுக்குத் துணை மாவு.

வீட்டையே மாற்றுவது

சார்ட் தோற்றுப் போன பிறகு, ஆடி மாதக் கடைசியில் இதைத் தொடங்கினோம். இதற்கு ஆதாரமாக நான் அண்ணனுக்குக் காட்டியது 1998இல் வெளிவந்த ஓர் இஸ்ரேல் ஆய்வு. 6 முதல் 11 வயதுள்ள 60 பருமனான குழந்தைகள். ஒரு பிரிவில் குழந்தைகளை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் பெற்றோரை மட்டும் கூப்பிட்டார்கள், பிள்ளையைக் கூப்பிடவே இல்லை. பெற்றோர் பிரிவில்தான் பிள்ளைகளின் அதிக எடை கூடுதலாகக் குறைந்தது, பாதியில் விட்டவர்களும் குறைவு. அண்ணன் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தினமும் ராத்திரி வண்டிப் பெட்டியில் காராச்சேவும் மிக்சரும் கொண்டு வருவது அவர்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. முதலில் குடிப்பது. காலையும் மாலையும் ஒரு டம்ளர் பாலில் சத்துமாவு பானம், அதற்கு மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம் என்றால் சர்க்கரை மட்டும் நாளுக்கு 20 கிராம். இந்த வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 1,700 கலோரி தேவை. அதில் சேர்க்கும் சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குள், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருபதில் ஒரு பங்கு என்பது 21 கிராம். பால் டம்ளரிலேயே அது தீர்ந்து போனது, பானத்தூளுக்குள் இருக்கும் சர்க்கரையைச் சேர்க்காமலேயே. இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. டப்பா தீர்ந்ததும் நாங்கள் திரும்ப வாங்கவில்லை. வெறும் பாலில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தோம். சாயங்கால டம்ளருக்குப் பதில் நீர்மோர் வந்தது. அண்ணனுக்கும் காப்பியில் சர்க்கரை பாதியானது. அவருக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். தனக்காகச் செய்யாததை மகளுக்காகச் செய்தார்.

அடுத்தது ஐந்து மணிப் பசி. இதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை வேனில் ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்கு வர ஐந்தாகிறது. அந்தப் பசி பொய்ப்பசி இல்லை. அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் வயிற்றுக்குள் போகும். முன்பு எட்டியது பிஸ்கட், முறுக்கு, பஜ்ஜி. இப்போது கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பூவன்பழம், அவித்த முட்டை, தேங்காய்த் துருவல் தூவின அவல், பாசிப்பயறு உருண்டைக்குப் பதில் வெறும் பாசிப்பயறு. ஏதாவது ஒன்று தயாராக, சூடாக இருக்கும்.

அதைத் தயார் செய்வது அம்மா. முதல் மாதம் முழுக்க அவரிடம் "கொடுக்காதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒளித்துக் கொடுத்தார். சின்ன வயதில் கஞ்சிக்கே வழியில்லாத நாட்களைப் பார்த்தவர். பேத்தி இரண்டாம் தடவை கேட்டு, இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. அதை நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. பிறகு அண்ணிதான் பேச்சை மாற்றினார்: "அத்தை, அஞ்சு மணிக்குப் புள்ளைக்கு நீங்கதான் கொடுக்கணும், என்ன கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க." அம்மா மறுநாள் காலையே மொச்சையை ஊறப் போட்டுவிட்டார். அவர் சின்ன வயதில் சாப்பிட்ட பண்டங்கள் பாதி இப்போது எங்கள் ஐந்து மணிப் பட்டியலில் இருக்கின்றன. அலமாரி காலியாகிவிட்டது.

மதியமும் ராத்திரியும் மூன்று சுற்றை நாங்கள் ஒழிக்கவில்லை. ரசம் சோறு இல்லாமல் அண்ணனால் எழுந்திருக்க முடியாது. கரண்டியைச் சின்னதாக்கினோம். பொரியலும் கூட்டும் முதலில் தட்டுக்கு வரும், சோறு அப்புறம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் மத்தி வந்தால் வறுவலுக்குப் பதில் குழம்பு. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று எழுதி வைத்தோம். ஐந்து பேருக்கு ஏழு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 42 கிராம், வெளியில் சாப்பிடுவது தனி. இப்போது ஐந்து லிட்டர். இதற்குத் தராசோ கலோரிப் புத்தகமோ வேண்டியதில்லை, மளிகைச் சீட்டு போதும்.

எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடமே விட்டோம். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் கையில். எனக்கே பயமாக இருந்தது, கேட்டதெல்லாம் வைத்தால் என்னாவது என்று. முதல் இரண்டு வாரம் நிறையத்தான் சாப்பிட்டாள். பிறகு, அடுத்த வேளை உண்டு, யாரும் பறிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் தானாகக் குறைந்தது. ஒல்லித் தம்பியும் அதே சாப்பாடுதான் சாப்பிடுகிறான், பசித்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிறான். அவனுக்கும் சிப்ஸால் சதை போட வேண்டியதில்லை. தட்டுக்கு முன்னால் டிவியும் போனும் இல்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், தூக்கம் குறைந்தால் பசியும் எடையும் கூடும்.

தீபாவளி, பொங்கல், கல்யாணம், கோயில் பிரசாதம் எதையும் நாங்கள் தொடவில்லை. சர்க்கரைப் பொங்கலை எல்லாரும் வயிறார சாப்பிட்டோம். திருவையாறு போனால் அசோகா அல்வா வாங்குவோம், எல்லாரும் உட்கார்ந்து அன்றே தின்று முடிப்போம், டப்பா வீட்டில் தங்காது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மெதுவானது. கார்த்திகையில் மழையோடு ஒரு கிலோ ஏறியது, அண்ணன் துவண்டு போனார். இன்னொன்று, 'வீடு மாற வேண்டும்' என்று சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுமை முழுக்க அடுப்படியில் நிற்கும் பெண் தலையில் விழும். அண்ணி அரைநாள் வேலைக்கும் போகிறார். முதல் இரண்டு மாதம் அவர் சோர்ந்து போனதை நான் பார்த்தேன். காய் வாங்குவதும் நறுக்குவதும் அண்ணன் வேலை என்று ஆன பிறகுதான் இது நிலைத்தது. ஆண் கை வைக்காத வீட்டில் இந்த வழி ஆறு மாதம் தாங்காது என்பது என் கணிப்பு.

மருத்துவரும் ஆலோசகரும்

இது எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்று தோன்றும். முறையாகக் கிடைத்தால் உண்மையும் அதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2023 வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதத்துக்குள் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து குறைந்தது 26 மணி நேரம் வேண்டும் என்கிறது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அவ்வளவு. ஒரு தடவைக்கு ஒரு மணி என்றால் 26 நாள் பள்ளியும் வேலையும் போகும். பத்து நிமிஷத் தாள்தான் கிடைக்கும் என்றால் அந்த அலைச்சலில் பயனில்லை. அதனால் ஆரம்பத்தில் ஒரு முறை, பிறகு நாலு மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை பார்க்க மட்டும் நாங்கள் போகிறோம்.

ஆனால் சில பிள்ளைகளுக்கு மருத்துவர்தான் முதல் வழி, மற்றதெல்லாம் அப்புறம். கழுத்துப் பின்னாலும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாத கருமை இருந்தால், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், தாகமும் சிறுநீரும் மிகுந்தால், இடுப்பிலோ முழங்காலிலோ வலித்து நொண்டினால், எடை ஏறியும் உயரம் ஏறாமல் நின்றால், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் பிள்ளையானால், சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ சாப்பாட்டையே மறைத்தாலோ, உடனே போங்கள். கழுத்துக் கருமை அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அதை மஞ்சள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

அடுப்பு அணைந்த பிறகு வீடு திரும்பும் அம்மாக்கள்

எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு ஓர் அப்பாயி இருக்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையிலேயே போய்விடும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அது இல்லை, கையில் பத்து ரூபாய்தான் இருக்கும். அவர்களிடம் வீட்டையே மாற்று என்று சொல்வது நியாயமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு பலம் இருக்கிறது. 1982 முதல் வரும் சத்துணவில் மதியச் சோறும் முட்டையும் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25இல் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்துதான் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கிறது. இரண்டு வேளை நல்ல சாப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டுதான். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளியிலும் சாப்பிடுகிறதா என்று ஒரு முறை கேட்பது. அந்தப் பத்து ரூபாயைக் கடைக்காரரிடம் பேசி வாழைப்பழமாகவோ கடலையாகவோ மாற்றுவது. பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் நாலு அம்மாக்கள் சேர்ந்து அதைக் கேட்டால், ஒரு வீடு மட்டும் போராடுவதை விடப் பலன் பெரிது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மேலே சொன்ன அடையாளம் எதுவும் இல்லாத, ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளை என்றால் நான் வீட்டைத்தான் முதலில் சொல்வேன். அதிலும் குடிப்பதும் ஐந்து மணியும் முதல் மாதத்துக்குப் போதும். விளையாட்டு அதோடு சேரட்டும், அவளுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். அரிசி மாற்றம் பணமும் விருப்பமும் இருந்தால். மருத்துவர் அளவு பார்க்க. தனித் தட்டு வேண்டவே வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை என்றால் கணக்கு வேறு. அதன் கையில் காசும் சைக்கிளும் இருக்கும். அதை உட்கார வைத்துப் பேசி, அதன் சம்மதத்தோடுதான் எதையும் தொடங்க முடியும்.

இந்த ஜூனில் அவளை அளந்தோம். 136 சென்டிமீட்டர், 39 கிலோ. பி.எம்.ஐ. 21. அவள் வயதுக்கான கீழ்க் கோட்டுக்கு இன்னும் மேலேதான் இருக்கிறாள், இன்னொரு வருஷமோ இரண்டோ ஆகும். அந்த எண்ணை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. உயரத்தை மட்டும் கூடத்துக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினோம். தம்பியும் ஓடி வந்து நின்றுகொண்டான். பிறகு எல்லாரும் அதே தையல்காரரிடம் போனோம். இந்தத் தடவை அண்ணி முன்னாலேயே போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். அவர் பேசாமல் அளவெடுத்து, பாவாடை நீளத்தில் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டார்.